தரையில நடக்குற மீன், துள்ளுற மீன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வருஷம் பிச்சாவரம் போயிருந்தப்ப தண்ணி வத்தின நேரம், படகு ஓரமா இருந்த சேத்து மேட்டுல விரல் நீளத்துக்கு ஏதோ ஒண்ணு டிக் டிக்னு துள்ளிப் போச்சு, கூட வந்த என் அக்கா பையன் "மாமா தவளை"ன்னு கத்துனான், துடுப்பு போட்ட அண்ணன் சிரிச்சுக்கிட்டே "தவளை இல்ல தம்பி, அது மீனு, உளுவை ஜாதி"ன்னு சொன்னார். அன்னிலேருந்து அவன் கேட்ட கேள்வி, சொந்தக்காரங்க கேட்ட கேள்வி, ஆபீஸ்ல போட்டோ காட்டினப்ப கேட்ட கேள்வி எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்துச்சு, அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னு உக்காந்துட்டேன்.

அது உண்மையிலேயே மீன் தானா?

ஆமா, மீனே தான். செவுள் இருக்கு, துடுப்பு இருக்கு, முட்டைலேருந்து வர்ற குஞ்சு தண்ணில தான் வளரும். இங்கிலீஷ்ல மட்ஸ்கிப்பர்னு சொல்றாங்க, நம்ம ஊர்ல உளுவைன்னு சொல்ற மீன்களோட ஒண்ணுவிட்ட சொந்தம். ஆப்பிரிக்காவோட மேற்குக் கரைலேருந்து இந்தியா, தென்கிழக்கு ஆசியா, ஜப்பான், ஆஸ்திரேலியா வரைக்கும் அலையாத்திக் காடும் சேத்துக் கழியும் இருக்குற இடத்துல எல்லாம் இதுல ஏதாவது ஒரு வகை இருக்கும். நம்ம பக்கம் உடம்புல நீலப் புள்ளியோட பெருசா தெரியுறது போலியோஃப்தால்மஸ் வகை, சின்னதா வேர் மேல ஏறி உக்காந்திருக்குறது பெரியோஃப்தால்மஸ் வகை. ரெண்டும் சாப்பாட்டுலயும் வேற வேற, முதல் வகை சேத்து மேல படியுற கண்ணுக்குத் தெரியாத பாசியை தலையை இடமும் வலமும் ஆட்டி வழிச்சுத் திங்கும், ரெண்டாவது வகை குட்டி நண்டு, பூச்சின்னு வேட்டையாடும்.

தண்ணிய விட்டு வெளிய வந்தா மூச்சு முட்டாதா?

சாதாரண மீனுக்கு முட்டும், ஏன்னா செவுள்ல இருக்குற மெல்லிசு இதழெல்லாம் காத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், ஈரமான புஸ்தகப் பக்கம் ஒட்டிக்குற மாதிரி. மட்ஸ்கிப்பர் செவுளை மட்டும் நம்பி இல்ல, அதோட தோல், வாயோட உள்பக்கம், தொண்டை எல்லாத்துலயும் மெல்லிசா ரத்தக் குழாய் ஓடுது, அது வழியா காத்துலேருந்தே ஆக்சிஜன் எடுத்துக்கும். ஆனா ஒரு கண்டிஷன், தோல் ஈரமா இருக்கணும். அதனால தான் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை குட்டையில உருண்டு பொரண்டு எழுந்து வரும். பாக்குறவங்க விளையாடுதுன்னு நினைப்பாங்க, அது மூச்சுக்கான ஏற்பாடு.

நடக்குறதும் துள்ளுறதும் ஒண்ணு தானா? கால் இல்லாம எப்படி?

இது தான் எல்லாரும் தப்பா புரிஞ்சுக்குற இடம், நானும் ரொம்ப நாள் துடுப்பால தான் குதிக்குதுன்னு நெனச்சிருந்தேன். நடை துடுப்புல இருக்கு, துள்ளல் வால்ல இருக்கு, இந்த ஒரு வரி புரிஞ்சா மிச்சமெல்லாம் புரிஞ்சுடும்.

முதல்ல நடை. செவுளுக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் இருக்கே மார்புத் துடுப்பு, மத்த மீனுக்கு அது விசிறி மாதிரி நேரா உடம்போட ஒட்டியிருக்கும். மட்ஸ்கிப்பருக்கு துடுப்போட அடிப்பாகம் தடியா, சதையோட வெளிய நீண்டு கை மாதிரி இருக்கும், அதுல ரெண்டு இடத்துல மடியும், ஒண்ணு தோள்பட்டை மாதிரி, இன்னொண்ணு முழங்கை மாதிரி. ரெண்டு அக்குள்லயும் கட்டை வெச்சு நடக்குறவங்களைப் பாத்திருப்பீங்க, கட்டை ரெண்டையும் ஒரே நேரத்துல முன்னாடி ஊனி, உடம்பைத் தூக்கி முன்னாடி கொண்டு வருவாங்க இல்லையா, அப்படியே தான். பல்லி மாதிரி இடது வலது மாத்தி மாத்தி வைக்காது, ரெண்டும் சேந்தே போகும். கட்டையை எடுத்து மறுபடி முன்னாடி வைக்குற அந்த ஒரு கணம் உடம்பு வெயிட்டை யார் தாங்குறது? வயித்துக்கு அடியில இருக்குற இன்னொரு ஜோடி துடுப்பு. 1960ல ஹாரிஸ்னு ஒரு விஞ்ஞானி இதை உக்காந்து பிரிச்சு எழுதினார், இன்னிக்கு வரைக்கும் இதுல வேலை செய்றவங்க அங்கேருந்து தான் ஆரம்பிக்குறாங்க. சேத்துல அது போன தடத்தைப் பாத்தாலே தெரியும், ரெண்டு பக்கமும் ஜோடி ஜோடியா குழி, நடுவுல வயிறு இழுத்த ஒரு கோடு.

இப்ப துள்ளல். மிரண்டு போச்சுன்னா துடுப்பெல்லாம் பத்தாது, அப்ப உடம்போட பின்பாதியை ஒரு பக்கமா வளைச்சு வால் நுனியை சேத்துல ஊனிக்கும், வில்லு மாதிரி வளைஞ்ச உடம்பை சட்டுனு நேராக்கும், தரையைப் பின்னாடி தள்ளுது, மீன் முன்னாடி பறக்குது. மார்புத் துடுப்பு அந்த நேரத்துல தலையைத் தூக்கி திசை காட்டிக் கொடுக்கும், அவ்வளவு தான். வால் துடுப்போட கீழ்ப்பக்க முள்ளெல்லாம் மேல்பக்கத்தை விட தடியா இருக்குறதும் இதுக்காகத் தான், தரையை உதைக்குற பக்கம் அது. கண் இமைக்குற நேரத்துல முடிஞ்சுடும், மொபைல்ல ஸ்லோ மோஷன் வெச்சு எடுத்தா தான் வளைவே தெரியும், நான் நாப்பது கிளிப் எடுத்து அதுல மூணுல தான் சரியா பாத்தேன்.

சேறு வழவழன்னு இருக்குமே, வழுக்காதா?

வழுக்கும், அதுவும் சரிவுல ரொம்ப. இதுக்கு ஒரு அழகான ஆராய்ச்சி இருக்கு. 2016ல அமெரிக்காவுல ஜார்ஜியா டெக் யுனிவர்சிட்டில இருக்குறவங்களும் மத்தவங்களும் சேந்து மட்ஸ்கிப்பரை மணல்ல நடக்க விட்டு படம் எடுத்தாங்க, அப்புறம் அதே மாதிரி ரெண்டு துடுப்பும் ஒரு வாலும் வெச்சு ஒரு குட்டி ரோபோ செஞ்சாங்க, மட்டிபாட்னு பேர். சமதரையில வால் இருந்தாலும் இல்லாட்டியும் பெரிய வித்தியாசம் இல்ல. மணலை 20 டிகிரி சரிச்சு வெச்சதும் கதை மாறிடுச்சு, துடுப்பு மட்டும் போட்டா ரோபோ அங்கேயே தோண்டிக்கிட்டு கீழ சறுக்குது, வாலையும் சேத்து உதைச்சா மேல ஏறுது. உயிருள்ள மீனும் அதையே தான் செஞ்சுச்சு, சரிவு கூடக் கூட வாலை அதிகமா உபயோகிச்சுச்சு. யாரும் சொல்லித் தராம, விரல் நீள மீன், தரை எப்படி இருக்குன்னு பாத்து நடையை மாத்துது. இதைப் படிச்சுட்டு அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

வேர் மேல, மரத்து மேல எல்லாம் ஏறுதே?

வயித்துக்கு அடியில இருக்குற துடுப்பு சில வகையில ஒண்ணா சேந்து ஒரு கிண்ணம் மாதிரி ஆயிருக்கும், அது உறிஞ்சிப் பிடிக்கும். மார்புத் துடுப்பால வேரைக் கட்டிப் பிடிச்சு, கிண்ணத்தால ஒட்டிக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா மேல போகும். தண்ணி ஏறுற நேரம் அலையாத்தி வேர்ல வரிசையா உக்காந்திருக்குறதைப் பாக்கணும், அவ்வளவு அழகு.

அது கண் சிமிட்டுறதைப் பாத்தேன், மீன் சிமிட்டுமா?

சாதாரணமா சிமிட்டாது, தண்ணிக்குள்ள இருக்குறவங்களுக்கு அது தேவையே இல்ல. மட்ஸ்கிப்பருக்கு மேல் இமையும் கிடையாது கண்ணீர் சுரப்பியும் கிடையாது, ஆனா முண்டக்கண்ணை அப்படியே கீழ குழிக்குள்ள இழுத்துக்கும், கீழ இருக்குற தோல் மடிப்பு மேல வந்து மூடும், அதோட கண்ணு ஈரமாகி தூசியும் போயிடும். 2023ல வந்த ஒரு ஆராய்ச்சி, நாம சிமிட்டுறதுக்கு என்னென்ன காரணமோ அதே காரணத்துக்குத் தான் இதுவும் சிமிட்டுதுன்னு காட்டிச்சு, ஈரப்படுத்த, சுத்தம் பண்ண, அடிபடாம காப்பாத்த.

எதுக்கு தான் இப்படி துள்ளுது? சும்மாவா?

மூணு காரணம். ஒண்ணு, கொக்கு நாரை பாம்புகிட்டேருந்து தப்பிக்க. ரெண்டு, எல்லை சண்டை, ரெண்டு ஆண் நேருக்கு நேர் வாயைப் பொளந்து முதுகுத் துடுப்பைத் தூக்கிக்கிட்டு நிக்கும். மூணாவது தான் எனக்குப் பிடிச்சது, பொண்ணு பாக்குறப்ப போலியோஃப்தால்மஸ் ஆண் நின்ன இடத்துலேயே நேரா மேல எழும்பும், காத்துல இருக்கும்போது முதுகுத் துடுப்பு முழுசா விரிஞ்சு கொடி மாதிரி நிக்கும், தொபுக்குன்னு சேத்துல விழும், மறுபடி எழும்பும். தூரத்துல இருக்குற பெண் மீனுக்கு சமதரையான சேத்துவெளியில தெரியணும்னா உயரமா போறதைத் தவிர வேற வழி இல்லையே.

அந்தப் பெண் வந்துச்சுன்னா வளைக்குள்ள கூட்டிட்டுப் போகும். அந்த வளை கதையும் கொஞ்சம் சொல்லிடுறேன், கேள்விக்கு வெளிய தான், இருந்தாலும் விட மனசு வரல. வளைக்குள்ள இருக்குற தண்ணில ஆக்சிஜனே இருக்காது, அதுல முட்டை பொழைக்காது. அதனால ஜப்பான்ல இருக்குற ஒரு வகையில ஆண் மீன் வெளிய வந்து வாய் நிறைய காத்தைப் பிடிச்சு உள்ள கொண்டு போய் முட்டை அறையில விடுது, திரும்ப வருது, திரும்பப் பிடிக்குது. முட்டையெல்லாம் அந்த அறையோட கூரையில காத்துல ஒட்டியிருக்கும். பொரிக்க நேரம் வந்ததும் அதே அப்பன் காத்தை வாயால வெளிய எடுத்துக் கொட்டுறான், தண்ணி உள்ள வருது, குஞ்சு பொரியுது. நாகசாகி பக்கம் இஷிமட்சுன்னு ஒருத்தரும் கூட இருந்தவங்களும் 2007ல இதைக் கண்டுபிடிச்சு எழுதினாங்க.

எங்க பாட்டி பனையேறி கெண்டைன்னு சொல்லுவாங்க, அது நெஜமாவே பனை ஏறுமா?

இதுல நம்ம ஊருக்கு ஒரு பெரிய இடம் இருக்கு. 1791 நவம்பர்ல தரங்கம்பாடில, அப்ப அது டேனிஷ்காரங்க கைல இருந்துச்சு, டால்டார்ஃப்னு ஒரு லெப்டினன்ட் குளத்தங்கரைல இருந்த பனைமரத்துல தண்ணிலேருந்து அஞ்சடி உசரத்துல ஒரு மீனைப் பிடிச்சதா எழுதினார். மழைத்தண்ணி வழிஞ்ச பட்டை இடுக்குல, செவுள் மூடியில இருக்குற முள்ளால பிடிச்சுக்கிட்டு, வாலை வளைச்சு, அடித்துடுப்பு முள்ளை ஊனி மேல மேல போச்சுன்னு. அந்தக் குறிப்பு 1797ல லண்டன் லின்னேயன் சொசைட்டி இதழ்ல அச்சாச்சு, அப்புறம் உலகம் பூரா இந்த மீனுக்கு ஏறும் மீன்னே பேர் ஆயிடுச்சு. பனை ஏறுற தொழிலாளிக்கு என்ன பேரோ அதே பேரை நம்ம ஜனங்க இந்த மீனுக்கும் வெச்சிருக்காங்க.

ஏறுமான்னா, வழக்கமா ஏறுற பிராணி இல்ல. 1927ல பி.கே.தாஸ்ங்குற இந்திய விஞ்ஞானி இதை ஆராஞ்சுட்டு, காக்காவும் பருந்தும் தூக்கிட்டுப் போய் மரத்துல வெச்ச மீன் தான் இப்படி அகப்பட்டிருக்கும்னு சொன்னார், அது உடனே சாகாததால உயிரோட கிடைச்சிருக்கும். எனக்கு அந்த விளக்கம் தான் சரின்னு படுது. ஆனா டால்டார்ஃப் சொன்ன அசைவு இருக்கே, முள்ளை ஊனி வாலால தள்ளுறது, அது அச்சு அசலா உண்மை, மரத்துல இல்ல, தரையில. புது மழை பேஞ்ச ராத்திரி இது குளத்தை விட்டு வயல் வரப்பு மேல போறதைப் பாத்த பெரியவங்க இன்னும் இருக்காங்க. உடம்பைச் சாய்க்காம நிமிந்தே வெச்சு, செவுள் மூடியை அகல விரிக்கும், ஓரத்துல ரம்பப் பல்லு மாதிரி முள் வரிசை மண்ணுல மாட்டிக்கும், அதை ஊனுகோலா வெச்சு வாலால ஒரு தள்ளு, அப்புறம் அடுத்த பக்கம். மட்ஸ்கிப்பர் துடுப்பால செய்றதை இது கன்னத்தால செய்யுது.

மூச்சுக்கு இதுக்குத் தனி உறுப்பு, செவுளுக்கு மேல மடிப்பு மடிப்பா ஒரு சிக்கலான அறை, அதுல காத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். இதை மேல வந்து காத்து குடிக்க விடாம தண்ணிக்குள்ளேயே அடைச்சு வெச்சா மூச்சு முட்டிச் செத்துப் போயிடும்.

விரால், கெளுத்தி கூட தரையில போகுமே?

போகும், ஆனா நளினம் கம்மி. விரால் உடம்பை பாம்பு மாதிரி நெளிச்சு, மார்புத் துடுப்பையும் ஊனி ஈரத் தரையில தூரம் போகும். நடக்கும் கெளுத்தின்னு சொல்ற வகை மார்புத் துடுப்புல இருக்குற கெட்டி முள்ளை ஊனிக்கிட்டு நெளியும், தென்கிழக்கு ஆசியாவுலேருந்து அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுக்குக் கொண்டு போனது தப்பிச்சு, மழை நாள்ல அங்க ரோட்டைக் கடக்குது. இந்த ரெண்டுக்கும் நெளியுறது தான் பலம், துள்ளல் இல்ல.

தொட்டியில இருந்த மீன் வெளிய குதிச்சு தரையில டப் டப்னு துள்ளிச்சு, அதுவும் இதே தானா?

துடிச்சுதுன்னு தான் நாம சொல்லுவோம், ஆனா எல்லா மீனும் கண்டபடி துடிக்குறது இல்ல. 2011ல அமெரிக்காவுல ஆலிஸ் கிப்னு ஒரு பேராசிரியரும் கூட வேலை செஞ்சவங்களும், நம்ம ஊர்ல கொசுப்புழு திங்க கிணத்துல விடுற கம்பூசியா மீனையும், வரிக்குதிரை மீனுன்னு தொட்டியில வளக்குறோமே அதையும் தரையில வெச்சு அதிவேகக் கேமராவுல எடுத்தாங்க. தரையில ஒரு பக்கமா படுத்திருக்குற மீன் முதல்ல தலையைத் தூக்கி வால் பக்கமா மடிச்சு கொண்டு வருது, அப்புறம் வால் அடியால தரையை உதைச்சு உடம்பை நேராக்குது, ஒரே உதையில மேல எழும்பிப் போகுது. இதுக்குன்னு உடம்புல எந்த மாற்றமும் கிடையாது, தண்ணிக்குள்ள இரைபிடிகிட்டேருந்து தப்பிக்குறப்ப சி மாதிரி வளைஞ்சு விரியுதே, கிட்டத்தட்ட அந்த உடம்பை வெச்சே தரையில குதிக்குது. குட்டை வத்தி கரையில மாட்டிக்கிட்டா தண்ணிக்குத் திரும்ப இது ஒரு வழி. அதனால தொட்டி மீன் குதிச்சுருச்சுன்னா பயந்து நிக்காதீங்க, கையை ஈரம் பண்ணிக்கிட்டு மெதுவா அள்ளி உள்ள விட்டுடுங்க, தொட்டிக்கு மூடியும் போட்டுடுங்க.

அலையாத்தி ரிவுலஸ்னு அமெரிக்கக் கண்டத்து சதுப்புல ஒரு சின்ன மீன் இருக்கு, அது இந்த வால் உதையை நல்லாவே செய்யும். தண்ணி வத்திப் போனா உளுத்த மரக்கட்டைக்குள்ள ஈரத்துல போய் படுத்துக்கும், தண்ணியே இல்லாம 66 நாள் வரைக்கும் உயிரோட இருந்ததைப் பதிவு பண்ணியிருக்காங்க.

இதுல எல்லாத்துலயும் பெரிய துள்ளல்காரன் யாரு?

என் ஓட்டு பசிபிக் கடல்ல குவாம் தீவுல இருக்குற பசிபிக் துள்ளும் பிளென்னிங்குற மீனுக்குத் தான். விரல் நீளம் கூட முழுசா இருக்காது, வளந்தப்புறம் கிட்டத்தட்ட முழு வாழ்க்கையும் தண்ணிக்கு வெளிய, அலை தெறிக்குற பாறை மேல தான். 2010ல டோனியா ஷியேன்னு ஒரு ஆராய்ச்சியாளர் இதோட துள்ளலைப் பிரிச்சுப் பாத்தாங்க. மத்த மீனெல்லாம் வாலை பக்கவாட்டுல வளைக்கும், இது வளைக்குறதோட நிக்காம வாலை அச்சுல முறுக்கிடுது, துணி பிழியுற மாதிரி, அப்ப செங்குத்தா இருந்த வால் துடுப்பு தரையில படுத்த மாதிரி பதியும், முழுப் பரப்பும் பாறையை உதைக்கும். அதனால தான் படுத்துக் குதிக்காம நிமிந்தே, போக வேண்டிய திசைக்கே குதிக்க முடியுது. சொந்தக்கார பிளென்னிகள்ல தண்ணியிலேயே இருக்குறதை தரையில விட்டா இந்த முறுக்கு வரல. எலும்பு புதுசா வரல, கால் முளைக்கல, வாலைத் திருப்புற ஒரே ஒரு பழக்கம் மீனைக் கரையேத்தி விட்டுடுச்சு.

பாறை நிறத்துலேயே உடம்பும் இருக்குறது இன்னொரு பாதுகாப்பு. களிமண் மாதிரி பொம்மை மீன் செஞ்சு பாறையிலயும் பக்கத்து மணல்லயும் வெச்சுப் பாத்தாங்க, மணல்ல வெச்சது தான் பறவை, பல்லி, நண்டுகிட்ட அதிகம் கடி வாங்கிச்சு.

அப்போ நாம இந்த மட்ஸ்கிப்பர்லேருந்து தான் வந்தோமா?

இல்ல. நாலு கால் பிராணிகள் வந்தது சதைத் துடுப்பு மீன்கள்ங்குற வேற கிளைலேருந்து, 37 கோடி வருஷத்துக்கும் முன்னாடி. கனடாவுல எல்ஸ்மியர் தீவுல 2004ல தோண்டி எடுத்த டிக்டாலிக்ங்குற புதைபடிவ மீன் அந்தக் கிளையோட ஆள், அதோட துடுப்புக்குள்ளேயே நம்ம கைக்கு உண்டான எலும்போட வரிசை இருக்கு. மட்ஸ்கிப்பர், பனையேறி, பிளென்னி எல்லாம் கதிர்த்துடுப்பு மீன்கள், தனித்தனியா அவங்கவங்க வழியில கரையேறினவங்க. அப்புறம் ஏன் விஞ்ஞானிங்க இதை ஆராயுறாங்கன்னா, எலும்பு மட்டும் தான் பாறையில மிச்சமிருக்கு, அசைவு மிச்சமில்ல. மீன் உடம்பு ஈரச் சேத்துல எப்படி நகர முடியும்னு உயிரோட காட்ட இவங்க தான் இருக்காங்க.

தாய்லாந்துக் குகையில ஒரு கண்ணில்லாத மீன் இருக்கு, அருவிப் பாறையில பல்லி மாதிரி குறுக்கு மறுக்கா நாலு துடுப்பையும் மாத்தி மாத்தி வெச்சு ஏறும், 2016ல அதைப் படம் பிடிச்சுப் பாத்தப்ப இடுப்பெலும்பு முதுகெலும்போட கெட்டியா சேந்திருந்துச்சு, நம்மள மாதிரி. அதுவும் நம்ம மூதாதை இல்ல.

எங்க போனா பாக்கலாம்?

பிச்சாவரம், முத்துப்பேட்டை ரெண்டுலயும் பாக்கலாம். தண்ணி வத்துற நேரத்தைக் கேட்டுட்டுப் போங்க, நம்ம கிழக்குக் கரையில ஏத்த இறக்கம் ரொம்பக் கம்மி, அதனால சேத்து மேடு வெளிய தெரியுற நேரமும் கம்மி. நிழல் விழுந்தா போதும், எல்லாம் வளைக்குள்ள போயிடும், அதுங்க கண்ணு காத்துல நல்லாவே பாக்கும். ஒரு பத்து நிமிஷம் அசையாம உக்காருங்க, முதல்ல ரெண்டு கண்ணு மட்டும் வளை வாசல்ல தெரியும், அப்புறம் ஒண்ணு ஒண்ணா வெளிய வரும். படகு அண்ணன்கிட்ட முன்னாடியே சொல்லி துடுப்பை நிறுத்தச் சொல்லிடுங்க.

பிடிச்சு வீட்டுல வளக்கலாமா?

வேண்டாம். அலையாத்திக் காடு காப்புக்காடு, அங்கேருந்து எதையும் பிடிச்சு எடுத்துட்டு வரக்கூடாது. கடையில யாராவது வித்தாலும் யோசிங்க, உப்பும் நல்லதண்ணியும் கலந்த தண்ணி வேணும், பாதி சேத்துத் தரை வேணும், மேல இருக்குற காத்தும் ஈரமா இருக்கணும், ரெண்டு ஆணை ஒரே தொட்டியில விட்டா சண்டை ஓயாது. அக்கா பையன் ரொம்பக் கேட்டான். அவனுக்கு அந்த மூணு ஸ்லோ மோஷன் கிளிப்பை அனுப்பியிருக்கேன், வால் சேத்துல படுற ஃப்ரேமை நிறுத்தி வெச்சு நோட்டுல வரைஞ்சு வெச்சிருக்கான், துடுப்பை விட வாலைப் பெருசா.